யுகுலேலே: க்ளாஸியா, சாட்டினா? மதுரை வெயிலுக்கு எது?

ஏப்ரல் 11, திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டது

காலேஜ் முடித்து முதல் சம்பளத்தில் கன்சர்ட் சைஸ் யுகுலேலே (நான்கு ஸ்ட்ரிங் உள்ள, கிட்டார் மாதிரிச் சின்னக் கருவி) வாங்கப் போகிறேன். ஒரே மாடல், ஒரே மஹாகனி மரம், இரண்டு ஃபினிஷில் வருகிறது: பளபளக்கிற க்ளாஸி, மங்கலான சாட்டின். க்ளாஸி கொஞ்சம் விலை கூட. பார்த்தால் அதுதான் மனசை இழுக்கிறது. ஆனால் சாட்டின்தான் சத்தம் நன்றாக வரும், க்ளாஸி பூச்சு மரத்தை அமுக்கிவிடும் என்று நண்பன் அடித்துச் சொல்கிறான். கைக்கு எது சுகம், சத்தத்துக்கு எது நல்லது? வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

ஏப்ரல் 11, இரவு

என்னிடம் இரண்டும் இருக்கிறது. சின்ன சைஸ் சோப்ரானோ க்ளாஸி, பெரிய சைஸ் டெனார் சாட்டின். வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதால் மற்றவர்களுடைய யுகுலேலேக்களும் கையில் வந்து போகும். அதனால் தயங்காமல் சொல்கிறேன் தம்பி: நெக்கின், அதாவது இடது கை பிடிக்கிற கழுத்தின் பின்பக்கம் சாட்டினாக இருக்க வேண்டும். மதுரைப் பக்கம் வாசிக்கிறவருக்கு அது ஒன்றுதான் கட்டாயம். பாடி (பெட்டி) எப்படி இருந்தாலும் சமாளித்துக்கொள்ளலாம்.

இந்த மாதம் மதியம் மூன்று மணிக்கு, ஃபேன் மட்டும் ஓடுகிற அறையில் ஒரு க்ளாஸி நெக்கைப் பிடித்துப் பாருங்கள். ஒரே இடத்தில் சி, எஃப், ஜி என்று கார்டு மாற்றிக்கொண்டிருக்கும் வரை ஒன்றும் தெரியாது. ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) ஏறும்போதுதான் தெரியும். விரல்கள் போய்விடும், கட்டைவிரல் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்புறம் ஒரு வெட்டு வெட்டி நகரும். கிட்டாரில் இது அவ்வளவு தொந்தரவு தராது. அதற்கு எடை இருக்கிறது, தோளில் பெல்ட் இருக்கிறது. யுகுலேலேயைப் பெரும்பாலானவர்கள் பெல்ட் இல்லாமல் நெஞ்சோடு அணைத்துத்தான் வாசிக்கிறோம். சோப்ரானோ அரைக்கிலோவுக்குள்தான் இருக்கும். கட்டைவிரல் ஒட்டினால் விரலோடு சேர்ந்து கருவியே இழுபடும். சுருதி தப்பியது மாதிரி ஒரு நெளிவு கேட்கும்.

சத்தத்தைப் பற்றி நாளை எழுதுகிறேன். அதில் சொல்ல நிறைய இருக்கிறது.

ஏப்ரல் 12, காலை

நண்பர் சொல்வதில் பாதி உண்மை. மரத்தை அமுக்குவது பூச்சின் கனம். பளபளப்புக்கும் அதற்கும் நேரடி சம்பந்தம் கிடையாது.

சாட்டின் என்பது பெரும்பாலும் க்ளாஸிக்கு அடிக்கிற அதே லேக்கர் (வார்னிஷ் மாதிரிப் பூச்சு) தான். அதில் நுண்ணிய சிலிக்கா தூளைக் கலந்து அடிப்பார்கள். காய்ந்த பிறகு மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் நிற்கும். விழுகிற வெளிச்சம் ஒரே திசையில் திரும்பாமல் சிதறிவிடுவதால் மங்கலாகத் தெரிகிறது. அந்தத் தூளால் சத்தம் கூடவும் போவதில்லை, குறையவும் போவதில்லை.

பிறகு ஏன் இந்தப் பேச்சு வந்தது? க்ளாஸி செய்யும் முறையால் வந்தது. மஹாகனி, கோவா மாதிரி மரங்களில் திறந்த நுண்துளைகள் உண்டு. மேற்பரப்பு கண்ணாடியாக வர வேண்டுமென்றால் முதலில் ஃபில்லர் போட்டு அந்தத் துளைகளை அடைக்க வேண்டும். அதற்கு மேல் கோட் மேல் கோட் அடிக்க வேண்டும், வாட்டர் பேப்பரில் தேய்த்து மட்டமாக்க வேண்டும், கடைசியில் பஃப் அடிக்க, அதாவது துணிச் சக்கரத்தால் மெருகேற்ற வேண்டும். தேய்க்கும்போது கொஞ்சம் போய்விடும் என்பதால் முதலிலேயே கனமாக அடிப்பார்கள். உங்களிடம் கேட்கிற கூடுதல் விலையும் இந்தக் கைவேலைக்குத்தான். சாட்டினில் துளைகளை அப்படியே விட்டுவிடலாம், இரண்டு மூன்று கோட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். அதனால் சாட்டின் பொதுவாக மெல்லியதாக அமைந்துவிடுகிறது.

யுகுலேலேயின் மேல்பலகையே 1.5 மில்லிமீட்டரிலிருந்து 2 மில்லிமீட்டர் வரைதான். நன்றாக அடித்த மெல்லிய பூச்சு 0.1 மில்லிமீட்டரை ஒட்டி நிற்கும். அது அப்படியே இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஏறினால் இவ்வளவு மெல்லிய பலகைக்கு அது பாரம்தான். நைலான் ஸ்ட்ரிங் கொடுக்கிற சக்தியும் கொஞ்சம். பலகை அசையத் தயங்கினால் சத்தம் பெட்டிக்குள்ளேயே நின்றுவிடும்.

ஆனால் கவனமாகச் செய்கிற ஒரு கம்பெனி ஒரே மாடலை இரண்டு ஃபினிஷில் விட்டால், கண்ணை மூடிக் கேட்டு எது எது என்று என்னால் சொல்ல முடியாது. ஸ்ட்ரிங்கை நைலானிலிருந்து ஃப்ளூரோகார்பனுக்கு மாற்றினால் வருகிற மாற்றம் இதைவிடப் பெரியது.

ஏப்ரல் 12, மதியம்

ஒன்று விட்டுப்போயிற்று. சிவப்பு, நீலம், மஞ்சள் என்று கெட்டியான கலரில் பளபளவென்று மலிவு விலையில் தொங்குகிற யுகுலேலேக்கள் வேறு கதை. அவற்றில் பல பாலியெஸ்டர் பூச்சை வழித்து ஊற்றியது போல வரும். அங்கே உங்கள் நண்பர் முழுக்கச் சரி.

ஏப்ரல் 13

கடையில் பூச்சின் கனத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். அளவுக்கருவி எதுவும் வேண்டாம். மேல்பலகையில் இருக்கிற ஓட்டையின், அதாவது சவுண்ட் ஹோலின் விளிம்பைப் பாருங்கள். அது கூராக, மரத்தின் வெட்டு தெரிகிற மாதிரி இருந்தால் பூச்சு மெல்லியது. கரைந்த மெழுகு போல உருண்டு வழுவழுவென்று இருந்தால் கனம். அப்புறம் ஸ்ட்ரிங்கைக் கட்டுகிற பிரிட்ஜ் பலகையோடு சேருகிற மூலை, ஃப்ரெட் பதித்த ஃப்ரெட்போர்டு முடிகிற இடம். அங்கே பூச்சு தேங்கி ஒரு கரை கட்டியிருக்கிறதா பாருங்கள். கடைசியாக, ஸ்ட்ரிங்கைக் கையால் பொத்திக்கொண்டு பிரிட்ஜுக்குப் பின்னால் விரல் நுனியால் தட்டுங்கள். கனமான பூச்சுக்கு டப் என்று அடங்கிவிடும். மெல்லியதில் தொம் என்று ஒரு நீளம் இருக்கும். அடுத்தடுத்து இரண்டைத் தட்டினால்தான் வித்தியாசம் பிடிபடும், ஒன்றை மட்டும் தட்டிப் பயனில்லை.

ஏப்ரல் 15

அண்ணாநகர் அக்கா ஒருவர் "எனக்கு க்ளாஸி நெக் ஒட்டியதே இல்லையே" என்று எழுதியிருக்கிறார். யோசித்துப் பார்த்தேன். ஏ.சி. அறையில் வாசிப்பதாக அவரே சொல்கிறார். அதோடு எல்லாருக்கும் உள்ளங்கை ஒரே மாதிரி வேர்ப்பதில்லை. என்னிடம் வருகிற பிள்ளைகளில் சிலருக்குக் கை எப்போதும் உலர்ந்திருக்கும், அவர்களுக்கு எதுவும் பிரச்சினை இல்லை. சிலருக்கு முதல் பாட்டு முடிவதற்குள் நெக்கில் ஈரத்தடம் தெரியும். ஆகவே அக்கா சொல்வது அவர் கைக்கும் அவர் அறைக்கும் பொருந்துகிறது. மொட்டை மாடியிலும், தெப்பக்குளத்துப் படியிலும், கரண்ட் போன வீட்டிலும் வாசிக்கிறவர்களுக்கு நான் முன்பு சொன்னதையே திரும்பச் சொல்வேன்.

கையில் பவுடர் போட்டுக்கொள்கிற பழக்கம் பிள்ளைகளிடம் இருக்கிறது. வேண்டாம். வேர்வையோடு சேர்ந்து அது பசையாகி ஃப்ரெட் ஓரங்களில் அப்பிக்கொள்ளும்.

ஏப்ரல் 15, இரவு

கோரிப்பாளையத்துக்காரர் ஒருவரின் வேடிக்கை: "என் வீட்டுக்காரம்மா க்ளாஸி யுகுலேலேயின் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் பொட்டு வைக்கிறார், அதனால் எங்கள் வீட்டில் ஓட்டு க்ளாஸிக்குத்தான்." சிரித்துவிட்டு யோசித்தால், அது ஒரு நல்ல பரிசோதனை. பொட்டு நேராகத் தெரிந்தால் பூச்சை மட்டமாகத் தேய்த்திருக்கிறார்கள். முகம் நெளிந்து, சொரசொரப்பாகத் தெரிந்தால் ஆரஞ்சு பீல், அதாவது ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடுபள்ளம். ஸ்பிரே அடித்ததோடு விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து லைட்டின் கோடு நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். விலை கூடக் கொடுக்கிற க்ளாஸியில் அந்தக் கோடு அலையக் கூடாது.

ஏப்ரல் 28

நெக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம், முன்கையை மறந்துவிட்டோம். வலது முன்கை பாடியின் மேல் விளிம்பில் அழுந்தித்தான் யுகுலேலே நிற்கிறது. அரைக்கைச் சட்டையோடு, வெறும் தோல் க்ளாஸியில் பட்டால் ஒட்டும். கையை எடுக்கும்போது சர்ரென்று உரிகிற சத்தம் மைக்கிலேயே கேட்கும். முழுக்கை பாலியெஸ்டர் சட்டை போட்டால் நேர்மாறாக வழுக்கும், கருவி கீழே நழுவிக்கொண்டே இருக்கும். பருத்திச் சட்டை என்றால் இரண்டும் இல்லை. சாட்டினில் இந்தத் தொல்லை ஒன்றுமே கிடையாது, எந்தத் துணியும் வெறும் கையும் சரிதான்.

க்ளாஸி வைத்திருப்பவர்களுக்கு எளிய வழி: பழைய காட்டன் சாக்ஸின் பாதத்தை வெட்டிவிட்டு மேல்பகுதியை முன்கையில் மாட்டிக்கொள்ளுங்கள். மேடைக்கு அழகில்லை, வீட்டுக்குப் போதும்.

மே 9

சாட்டின் வாங்கி ஒரு வருடத்தில் அங்கங்கே மினுங்குகிறது, ஏமாற்றிவிட்டார்களா என்று ஒருவர் படம் போட்டிருக்கிறார். ஏமாற்று இல்லை. சாட்டின் இப்படித்தான் வயசாகும்.

மேற்பரப்பில் நிற்கிற அந்த நுண்ணிய மேடுகள் தோல் பட்டுப் பட்டு மழுங்கிவிடும். மழுங்கிய இடத்தில் வெளிச்சம் சிதறாமல் நேராகத் திரும்பும், அதனால் பளபளக்கும். மீனாட்சியம்மன் கோயில் தூண்களைப் பார்த்திருப்பீர்கள். கை எட்டுகிற உயரம் வரை எண்ணெயும் தோளும் முதுகும் பட்டுக் கறுத்து மின்னும், அதற்கு மேலே கல் கல்லாகவே இருக்கும். இதுவும் அதே வேலைதான். என் டெனாரில் முன்கை படுகிற இடத்தில் ஒரு வெற்றிலை அளவுக்கும், சவுண்ட் ஹோலுக்கு மேலே ஆள்காட்டி விரல் உரசுகிற இடத்தில் நீளவாக்கிலும், நெக்கின் பின்னால் முதல் மூன்று ஃப்ரெட்டுக்கு நேராகவும் மினுக்கம் ஏறியிருக்கிறது. சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். எனக்கு அது பிடித்திருக்கிறது. எந்த இடத்தில் அதிகம் வாசிக்கிறேன் என்று அதுவே சொல்கிறது.

பிடிக்காதவர்களும் பதறிப்போய் பாலிஷ் போட்டுவிடாதீர்கள். கார் பாலிஷ், ஃபர்னிச்சர் ஸ்பிரே எதுவானாலும் அந்த மேடுபள்ளத்தை நிரப்பித் திட்டுத்திட்டாக மினுங்க வைக்கும். அது படை மாதிரித் தெரியும். சாட்டினுக்குத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன வேட்டித் துணி போதும். லேசாக நனைத்துப் பிழிந்து ஒரு துடைப்பு, உடனே உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு.

மே 10

நேற்றைய குறிப்புக்கு மறுபக்கமும் உண்டு. சாட்டினில் கீறல் விழுந்தால் அது நிரந்தரம். க்ளாஸியில் மேலோட்டமான கீறலைப் பஃப் அடித்து எடுத்துவிடலாம். சாட்டினில் அந்த இடத்தைத் தேய்த்தால் அங்கே மட்டும் பளபளக்கும். ஆனால் அன்றாடம் விழுகிற சின்னச் சின்னக் கோடுகள், விரல்ரேகை, துடைத்த தடம் இவையெல்லாம் க்ளாஸியில்தான் கண்ணை உறுத்தும், சாட்டினில் தெரியவே தெரியாது. பரோட்டா சாப்பிட்ட கையோடு எடுக்கிற வீட்டில் சாட்டின் பிழைக்கும்.

ஜூன் 3

ஏற்கெனவே க்ளாஸி நெக்கோடு வாங்கிவிட்டவர்கள் விற்க வேண்டாம். பின்பக்கத்தை மட்டும் நாமே சாட்டின் ஆக்கிக்கொள்ளலாம். கிட்டார்காரர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். என் சோப்ரானோவிலும் செய்திருக்கிறேன், செய்த பிறகு சித்திரையிலும் அதை எடுக்கத் தயக்கமில்லை.

நான்கு சைபர், அதாவது 0000 நம்பர் ஸ்டீல் வுல் வேண்டும். கிடைக்காவிட்டால் கார் பெயிண்ட் கடையில் 1500 நம்பர் வாட்டர் பேப்பர் கிடைக்கும். பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரும் பச்சை நாரும் கூடவே கூடாது, ஆழமாகக் கீறிவிடும். ஸ்ட்ரிங்கை முறுக்குகிற தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக் பக்கம் எங்கே நிறுத்துவது, பாடியோடு சேருகிற ஹீல் பக்கம் எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்து மாஸ்கிங் டேப்பை நேராக ஒட்டுங்கள். ஃப்ரெட்போர்டின் ஓரத்தையும் டேப்பால் மூடுங்கள். சவுண்ட் ஹோலைக் காகிதம் வைத்து அடைத்துவிடுங்கள். ஸ்டீல் வுல் தூள் உள்ளே விழுந்தால் நம் ஊர் ஈரத்துக்குத் துருப்பிடித்து மரத்தில் கறை இறங்கும்.

பிறகு நெக்கின் நீளவாக்கில் மட்டும் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கோடு தெரியும். அழுத்த வேண்டாம், கையின் எடையே போதும். சில நிமிடங்களில் பளபளப்பு செத்துப் பால் படிந்தது போல ஆகும். அங்கே நிறுத்திவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று ஆசைப்பட்டால் பூச்சைத் தாண்டி மரத்துக்குப் போய்விடும், முக்கியமாக ஹீல் வளைவில். துடைத்துவிட்டு டேப்பை உரிக்க வேண்டும். உரிக்கும்போது மேல்நோக்கி இழுக்காமல் டேப்பைப் பின்னுக்கு மடித்து மெதுவாக இழுங்கள்.

வாரன்ட்டி காலத்தில் இருந்தால் முதலில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

ஜூன் 4

பாடிக்கும் இதைச் செய்யலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். நெக் உருளை, கை தானாக ஒரே மாதிரி ஓடும். பாடி தட்டையானது. எங்கே எவ்வளவு தேய்த்தோம் என்பது அப்பட்டமாகத் தெரியும்.

ஜூலை 22

ஆடிக் காற்று. ஜன்னலோரம் வைத்த க்ளாஸி சோப்ரானோவின் மேல் காலையில் புழுதி படிந்து கிடக்கிறது. புழுதியை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் மண்துகளே உப்புத்தாளாக வேலை செய்து வட்ட வட்டமாகக் கோடு போட்டுவிடும். முதலில் ஊதுங்கள், பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டுங்கள், அப்புறம் துணி.

இந்த மாதம் பிள்ளைகளின் பாட்டை ரெக்கார்டு பண்ணினோம். அதில் எனக்கு ஒரு மறுயோசனை வந்தது. சாட்டின் பாடியில் சட்டை உரசினால் உஸ் உஸ் என்று ஒரு சத்தம் வருகிறது. மேடுபள்ளமான பரப்பில் துணி போகிற சத்தம் அது. ஸ்ட்ரம் செய்யும்போது நகம் பலகையில் பட்டாலும் ஒரு கரகரப்பு. காதுக்கு நேரில் கேட்காது. மைக்கைப் பக்கத்தில் வைத்து, மெதுவாக விரலால் பறிக்கிற பாட்டு வாசிக்கும்போது ஒவ்வொரு அசைவும் விழுகிறது. க்ளாஸி சோப்ரானோவில் அதே பாட்டை எடுத்தோம், உரசல் கிட்டத்தட்ட இல்லை. ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் ரெக்கார்டு பண்ண வேண்டியிருந்தது, முன்கை ஒட்டத்தான் செய்தது. சாக்ஸ் கைகொடுத்தது.

அதனால் ஏப்ரலில் "பாடி எப்படி இருந்தாலும் சமாளித்துக்கொள்ளலாம்" என்று பொதுவாக எழுதியதை இப்போது கொஞ்சம் இறுக்கிச் சொல்கிறேன். அடிக்கடி ரெக்கார்டு பண்ணுகிறவர் என்றால் பாடி க்ளாஸி, நெக் சாட்டின். இப்படிக் கலந்தே சில மாடல்கள் வருகின்றன, கேட்டுப் பாருங்கள். வீட்டில் வாசிக்க, வெளியே தூக்கிப்போக, பிள்ளைகள் கையில் கொடுக்க என்றால் முழுக்கச் சாட்டின்.

ஆகஸ்ட் 23

யுகுலேலேயின் கதையை எழுதச் சொல்லிச் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். 1879 ஆகஸ்ட் மாதம் ரேவன்ஸ்க்ராக் என்ற கப்பல் போர்ச்சுகலின் மடெய்ரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஹொனலுலு வந்து சேர்ந்தது. அதில் வந்த மானுவேல் நூனஸ், ஜோசே தோ எஸ்பிரிட்டோ சாண்டோ, அகுஸ்டோ டியாஸ் மூவரும் மரவேலை தெரிந்தவர்கள். தங்கள் ஊரின் சின்னக் கிட்டார் மாதிரிக் கருவியான மஷேட்டை வைத்து, ஹவாயில் விளைகிற கோவா மரத்தில் செய்யத் தொடங்கியதுதான் இன்றைய யுகுலேலே. மன்னர் கலாகவா அதை அரண்மனையில் வாசிக்க வைத்தார். 1915 சான் ஃபிரான்சிஸ்கோ பொருட்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுக்கப் பரவியது. ஹொனலுலுவில் 1916இல் தொடங்கிய கமாகா குடும்பத்தார் இன்றும் செய்கிறார்கள்.

இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. வெப்பமும் உப்புக்காற்றும் உள்ள ஊரில், வேர்க்கிற கைகளுக்காகப் பிறந்த கருவி இது. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதுகிற அறிவுரையை மட்டும் படித்துவிட்டு நம் ஊருக்கு இது ஒத்துவராது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஆகஸ்ட் 24

கதையோடு கதையாக இன்னொரு பூச்சு: பிரெஞ்ச் பாலிஷ். பேர்தான் பிரெஞ்சு, சரக்கு நம்முடையது. அரக்குப்பூச்சி புரசு, இலந்தை, குசும் மரக்கிளைகளில் சுரக்கிற அரக்கைச் சுத்தம் செய்து சருகு சருகாக ஆக்கினால் அவலரக்கு. ஜார்க்கண்ட் பக்கம் நிறைய எடுக்கிறார்கள். உலகத்துக்கே இந்தியாதான் பெரும்பங்கு தருகிறது. அதை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் முடிந்து, அதில் தொட்டுத் தொட்டு வட்டமாகத் தேய்த்து ஏற்ற வேண்டும். மதுரையில் பழைய பீரோவுக்கும் ஆர்மோனியத்துக்கும் இந்த வேலை செய்த கைகள் இன்னும் இருக்கின்றன. உயர்ந்த கிளாசிக்கல் கிட்டார்களுக்கு இன்றும் இதைத்தான் விரும்புகிறார்கள்.

கண்ணாடியாகப் பளபளக்கும், ஆனால் ஸ்பிரே பூச்சைவிட மிக மெல்லியது. சத்தத்தை அமுக்குவது கனம்தான் என்று நான் முதலில் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் வேர்வை, தண்ணீர், சூடு மூன்றும் இதற்கு ஆகாது. ஈர டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும். ஸ்பிரிட்டில் கரைந்தது ஸ்பிரிட்டிலேயே போய்விடும், அதனால் சானிடைசர் போட்ட கையோடு தொடவே கூடாது. நம் வெயிலில் தினசரி வாசிக்கிற கருவிக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். மேல்பலகைக்கு மட்டும் போட்டு, முன்கை படுகிற இடத்தில் துணி வைத்து வாசிக்கிற பொறுமை இருந்தால் போட்டுப் பாருங்கள்.

அக்டோபர் 29

மழை பிடித்துக்கொண்டது. கூடவே கொசு. இந்த இழையிலேயே முக்கியமான குறிப்பு இதுதான், தயவுசெய்து பிள்ளைகள் வாசிக்கிற வீடுகளில் எல்லாரும் படியுங்கள்.

கொசு விரட்டும் க்ரீம்கள் பலவற்றில் டீட் என்ற ரசாயனம் இருக்கிறது. தோலுக்குச் சரி. ஆனால் அது பிளாஸ்டிக்கையும் வார்னிஷையும் இளக்கும். என்னிடம் படிக்கிற சிறுமி ஒருத்தி மாலையில் கையில் க்ரீம் தடவிக்கொண்டு வந்து, அது காய்வதற்குள் க்ளாஸி யுகுலேலேயை அணைத்து வாசித்தாள். வகுப்பு முடிந்து எடுத்துப் பார்த்தால் முன்கை பட்ட இடத்தில் லேக்கர் பிசுபிசுவென்று இருந்தது. மறுநாள் காய்ந்த பிறகு தோலின் வரிகளும் பூனைமயிரும் அச்சு எடுத்தது போல அதில் பதிந்து நின்றன. துடைத்தால் போகாது. அழுதுவிட்டாள். தேய்த்து பஃப் அடித்துப் பாதி சரிசெய்தோம். நைட்ரோ லேக்கர், அதாவது நைட்ரோசெல்லுலோஸில் செய்த பூச்சுதான் அதிகம் பாதிக்கப்படும், மற்ற பூச்சுகளும் முழுக்கத் தப்பாது. சாட்டினும் இளகத்தான் செய்யும், தடம் மட்டும் அவ்வளவு கோரமாகத் தெரியாது.

க்ரீமைக் காலில் தடவுங்கள், கைக்கு முழுக்கைச் சட்டை போடுங்கள், உள்ளங்கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு எடுங்கள்.

அக்டோபர் 30

"க்ளாஸி என்றால் மழைக்காலத்தில் ஈரம் உள்ளே போகாதே" என்று ஒருவர். வெளிப்பக்கத்தில் அது கொஞ்சம் தாமதிக்கும், அவ்வளவுதான். சவுண்ட் ஹோலுக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், உள்ளே பச்சை மரம். பூச்சே கிடையாது. ஃப்ரெட்போர்டும் பிரிட்ஜும் பெரும்பாலும் பூச்சில்லாத மரம்தான். ஈரம் அந்த வழியாகத் தாராளமாகப் போய் வரும். சாலிட், அதாவது ஒரே மரப்பலகை என்றால் காற்றின் ஈரப்பதம் 45இலிருந்து 55 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பார்கள். ஐப்பசி மழையில் அது நம் வீட்டில் நடக்காது. கேஸுக்குள் மூடி வைத்து சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். மெல்லிய மரத் தகடுகளை ஒட்டிச் செய்த லேமினேட் என்றால் இவ்வளவு கவலை வேண்டாம்.

நவம்பர் 16

கேஸ் என்றதும் நினைவு வந்தது. நைட்ரோ லேக்கர் அடித்த கருவியை ரப்பர், ரெக்சின் படுகிற ஸ்டாண்டில் மாதக்கணக்கில் விடாதீர்கள். ரப்பரை மெத்தென்று வைக்கக் கலந்திருக்கிற பொருள் லேக்கரைத் தின்றுவிடும். ஸ்டாண்டின் கவட்டில் காட்டன் துணியைச் சுற்றிவிடுங்கள். அதேபோல வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் வைத்தால் பூச்சு இளகிக் கேஸின் துணி நெசவு அதில் பதியும், பசையும் விட்டுப்போகும். கொடைக்கானல் போகிறவர்கள் மேலே போய்ச் சேர்ந்ததும் கேஸைத் திறக்காமல், அறையின் குளிருக்கு அது மெதுவாகப் பழகிய பிறகு திறங்கள். திடீர்க் குளிரில் நைட்ரோ மயிரிழை மயிரிழையாக வெடிக்கும்.

டிசம்பர் 5

திருமங்கலம் தம்பி ஒருவழியாக வாங்கிவிட்டார். கடைக்காரர் இரண்டையும் எடுத்துக் கொடுத்தாராம். தட்டிப் பார்த்து, விளிம்பு பார்த்து, பிறகு கடையின் வாசலில் வெயிலில் நின்று இரண்டையும் வாசித்துப் பார்த்துவிட்டு, நெக்கும் பாடியும் முழுக்கச் சாட்டினை எடுத்திருக்கிறார். மிச்சமான பணத்தில் ஒரு கெட்டிக் கேஸ் வாங்கியிருக்கிறார். எனக்கு ரொம்பச் சந்தோஷம். க்ளாஸியின் மேல் இருந்த ஆசை இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்கிறார். இருக்கட்டும் தம்பி, இரண்டாவது யுகுலேலே வாங்காதவர் யாரும் இல்லை.

அவர் கேட்ட கடைசிக் கேள்வி: "கடைக்காரர் லெமன் ஆயில் கொடுத்திருக்கிறார், எங்கே போடுவது?" ஃப்ரெட்போர்டில் மட்டும், அதுவும் பூச்சில்லாத ரோஸ்வுட் என்றால் மட்டும். ஸ்ட்ரிங் மாற்றும்போது இரண்டு சொட்டு துணியில் தொட்டுத் தடவி, கொஞ்ச நேரம் விட்டு, மிச்சத்தை முழுக்கத் துடைத்துவிடுங்கள். சாட்டின் பாடியிலும் நெக்கிலும் ஒரு சொட்டுகூட வேண்டாம்.